தங்கப்பழத்தின் வலது கை

இந்தக் கையை இனி தோளுக்கு மேலே தூக்குவதில்லை என்று தங்கப்பழம் சங்கல்பம் எடுத்து அன்றோடு நாற்பத்தொரு நாள். முழுசாக ஒரு மண்டலம். மாலை போட்டு மலைக்குப் போகிறவர்கள்கூட இவ்வளவு சுத்தமாக விரதம் இருந்திருக்க மாட்டார்கள்.

சித்திரையில் ரயில்வே கேட் பக்கம் ஸ்கூட்டர் சறுக்கி வலது தோள்மூட்டு இறங்கியது உண்மை. கட்டுப் போட்டது உண்மை. தெருவே கூடும்படி கத்தியது மிகமிக உண்மை. கட்டுப் பிரித்த மூன்றாம் வாரமே கை பழையபடி ஆகிவிட்டது. அந்த உண்மையை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். விபத்துக்கு முன்னால், காலையில் உரக்கடையைத் திறக்கப் போவதற்குள், தண்ணீர் சுமப்பது, துணி காயப்போடுவது, தேங்காய் துருவுவது என்று வீட்டில் மூன்று இலாகாக்கள் அவரிடம் இருந்தன. தோள் இறங்கியதும் மூன்றும் மனைவி சண்முகசுந்தரியிடம் போய்விட்டன. இலாகா இல்லாத மந்திரியாகச் சாய்வு நாற்காலியில் கிடக்கும் சுகம் பதவியில் இருப்பவனுக்குத் தெரியாது.

கோமதியம்மன் கோயில் ஆடித்தபசுக்கு இன்னும் பதினைந்து நாள். திருவேங்கடத்திலிருந்து அவள் பிறந்த வீட்டார் பதினான்கு பேர் வந்து இறங்குவார்கள். பதினான்கு பேருக்கு அவியல், கூட்டு, துவையல். எத்தனை தேங்காய் என்று நினைத்தபோதே தங்கப்பழத்துக்குத் தோள் நிஜமாகவே வலித்தது.

"ஏங்க, கை எப்படி இருக்கு?"

"செத்த பாம்பு மாதிரி கெடக்குட்டி."

"கோயில் புத்துமண்ணு தேச்சும் கேக்கலியா?"

"என் விதி. மண்ணு என்ன செய்யும்?"

"அப்ப நாளைக்கு என்கூட வகுப்புக்கு வாங்க."

தங்கப்பழம் நாற்காலியில் நிமிர்ந்தார். சண்முகசுந்தரி இரண்டு மாதமாகக் காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய் ஆமினாள் மாஸ்டரிடம் பிச்சுவா கற்றுக்கொண்டிருந்தாள். பிச்சுவா என்றால் முழங்கை நீளம்கூட இல்லாத, பிறை மாதிரி வளைந்த கத்தி. யாராவது வழிமறித்தால் தற்காத்துக்கொள்ள என்றுதான் சொல்லிக்கொண்டாள். அவளை வழிமறிக்கும் தைரியம் இந்த ஊரில் எவனுக்கு இருக்கிறது என்று தங்கப்பழம் மனசுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டார்.

"கை வராதவன் கையில கத்தியா? என்னட்டி சொல்லுத?"

"கை வராதவுகளுக்குத்தான் அந்தக் கத்தியே. மாஸ்டருக்குத் தோளெலும்பு முறிஞ்சு, பிச்சுவா சுத்திச் சுத்தித்தான் சரியாச்சாம்."

தங்கப்பழம் கணக்குப் போட்டார். போகலாம். பத்து நாள் தோற்கலாம். மாஸ்டரே வாயைத் திறந்து 'இது தேறாத கை' என்று சொல்லிவிட்டால் ஆயுளுக்கும் ஓய்வுதான். அப்புறம் எவள் கேட்பாள்?

மறுநாள் மைதானத்தில் ஒரு பக்கம் கல்லூரிப் பெண்கள் சர்சர் என்று சுழற்றிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் தோள் பிடித்தவர்கள், எலும்பு கூடியவர்கள் ஏழெட்டுப் பேர் வேப்பமரக் கத்தியோடு நின்றார்கள். ஆமினாள் மாஸ்டருக்கு ஐம்பது வயசிருக்கும். கழுத்தில் விசில்.

"தண்ணிக்குள்ள கத்திய இழுக்கற மாதிரி மெதுவா வரணும். வலிச்சா நிறுத்துங்க. மூணாம் வீச்சு பாருங்க அண்ணாச்சி. இடுப்புல எடுத்து, காத ஒட்டிச் சுத்தி, தலைக்கு மேல விட்டு எறக்கணும்."

தங்கப்பழம் வலது கையில் கத்தியை வாங்கினார். இடுப்பு வரை கொண்டுவந்தார். "யம்மா" என்றார். கத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, உலகத்துச் சோகத்தையெல்லாம் முகத்தில் கூட்டிவைத்து நின்றார். கழுத்தில் உட்கார்ந்த கொசுவைப் பட்டென்று அடித்துவிட்டு, மறுபடி சோகத்தைத் தொடர்ந்தார்.

"ரொம்ப மோசமா இருக்கே அண்ணாச்சி" என்றார் மாஸ்டர்.

"நான்தான் சொன்னேன்லா!" என்றார் தங்கப்பழம், சந்தோஷத்தை அடக்கமுடியாமல்.

ஒன்பது நாள் இப்படியே போயிற்று. ஒன்பதாம் நாள் பக்கத்தில் நின்ற ஹெலன் டீச்சர், ஆறு மாதமாகத் தன் தலையைத் தானே வார முடியாதவர், மூன்றாம் வீச்சைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இறக்கினார். கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தானே கொண்டை போட்டுப் பார்த்து அழுதார். எல்லாரும் கைதட்டினார்கள். தங்கப்பழத்துக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் இருந்தது. பதினான்கு பேருக்குத் தேங்காய் என்று நினைத்ததும் போய்விட்டது.

பத்தாம் நாள் மாஸ்டர் கையை விரித்தார். "அண்ணாச்சி, இனி என் கையில ஒண்ணுமில்ல. மேல உள்ளவன்தான் பாக்கணும்."

வீட்டுக்கு வரும் வழியில் தங்கப்பழம் மனசுக்குள் குதித்துக்கொண்டே வந்தார்.

தபசன்று காலை வீடு நிறைந்துவிட்டது. மச்சினன் பெத்துராஜ் பருத்தி மூட்டையோடு வந்திருந்தான். தங்கப்பழம் கையைக் கழுத்திலிருந்து துணித் தொட்டிலில் கட்டித் தொங்கவிட்டு நாற்காலியில் வீற்றிருந்தார். எல்லார் முன்னாலும் சண்முகசுந்தரி பூஜையறை வாசலில் நின்று கைகூப்பினாள்.

"கோமதித்தாயே, இவுக கை சரியாச்சுன்னா, உனக்கு வீட்டுல ஒரு மாசம் தினமும் படையல். அதுக்குத் தேங்கா துருவி, காய் நறுக்கித் தாறது இவுக, அந்தக் கையாலயே."

தங்கப்பழத்துக்குச் சிரிப்பு வந்தது. தூக்காத கைக்கு எதை நேர்ந்தால் என்ன? தாராள மனசு பொங்கியது.

"ஒரு மாசம் என்னட்டி பிச்சக்காரத்தனமா? ஒரு வருசம்னு நேந்துக்கோ!"

"அத்தான், யோசிச்சு சொல்லுங்க" என்றான் பெத்துராஜ்.

"ஒரு வருசம்டே! சாமி காரியம்."

"சரி, ஒரு வருசம்" என்றாள் அவள். பதினான்கு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சாயங்காலம் தெற்கு ரத வீதியில் எள் போட்டால் விழ இடமில்லை. அம்மன் தபசிருக்க, சாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுக்கும் நேரம். விளைந்ததை எறிந்து சூறைவிடுவதற்குக் கரிசல்காட்டுச் சம்சாரிகள் பருத்தியும் வத்தலுமாகக் காத்திருந்தார்கள். தொட்டில் கட்டு கூட்டத்தில் இடிபடும் என்று வரும்போதே சண்முகசுந்தரி அவிழ்த்துவிட்டிருந்தாள். பெத்துராஜின் நாலு வயசுப் பெண் கூட்டத்தில் மிதிபடுவாள் என்று அவரது இடது இடுப்பில் ஏற்றிவிட்டாள். வலது கையில் ஒரு பருத்திப் பொட்டலத்தைத் திணித்தாள்.

"சும்மா பிடிச்சிருங்க. நான் அப்புறம் வாங்கிக்கிடுதேன்."

அந்த நேரம் காட்சி வந்தது.

ரத வீதியே ஒரே குரலில் அலறியது. பருத்தி பறந்தது, மிளகாய் வத்தல் பறந்தது. "எறிங்க அத்தான்!" என்று பெத்துராஜ் கத்தினான். ஐந்து வயசிலிருந்து எறிந்த கை. தங்கப்பழத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. தோளும் துருவலும் எதுவும் ஞாபகமில்லை. இடுப்பிலிருந்து எடுத்து, காதை ஒட்டிச் சுற்றி, தலைக்கு மேலே விட்டார். பொட்டலம் ஐந்து வரிசைத் தலைகளைத் தாண்டிப் போய் விழுந்தது.

கை மேலேயே நின்றது. அதை அவர் பார்த்தார். பதினான்கு பேரும் பார்த்தார்கள்.

"மூணாம் வீச்சு. பிசகே இல்ல" என்றாள் சண்முகசுந்தரி மெதுவாக. பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி, "தாயே! கண்ணத் தொறந்துட்டியே!" என்று தரையில் விழுந்தாள்.

நேற்றே சரியாகிவிட்டது என்று சொல்ல முடியுமா? இரண்டு மாதம் முன்னாலேயே சரியாகிவிட்டது என்றுதான் சொல்ல முடியுமா? தங்கப்பழமும் பக்கத்தில் விழுந்து கும்பிட்டார். வேறு வழியில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுப்படியில் அருவாமனை முன்னால் உட்கார்ந்திருந்தார். இடப்பக்கம் ஒன்பது தேங்காய். வலப்பக்கம் வாழைக்காயும் பூசணியும் மலையாகக் கிடந்தன. சாப்பிடக் கூப்பிட்டிருந்த ஆமினாள் மாஸ்டர் வாசல்படியில் நின்று கவனித்தார்.

"இதுவும் வளைஞ்ச கத்திதான் அண்ணாச்சி. முதுகு கூனாம உக்காருங்க. தோளுக்கு நல்லது."

சண்முகசுந்தரி கோயிலுக்குக் கிளம்பி வந்தாள். அவள் கையில் வெள்ளித்தகட்டில் செய்த ஒரு குட்டிக் கை. கை கால் குணமானால் உண்டியலில் போடுகிற உருவம்.

"இத எப்ப வாங்குனட்டி? நேத்து அந்தக் கூட்டத்துல கடைப்பக்கம் ஒதுங்கவே முடியலியே."

"நேத்தா? வாங்கிப் பன்னெண்டு நாளாச்சு."

"அன்னைக்கு எனக்குக் கை வரவே இல்லியேட்டி!"

"மொத நாள் வகுப்புல எடது கையில கத்தி வச்சிருந்தீகள்ல," என்றாள் சண்முகசுந்தரி, செருப்பை மாட்டிக்கொண்டே. "அப்ப கழுத்துல இருந்த கொசுவ எந்தக் கையால அடிச்சீக?"