இஞ்சினுக்குள்ள இருந்த எவர்சில்வர் ஸ்பூன்

அன்னைக்கு எனக்கு வார லீவு. செய்ய வேண்டிய வேலை ஒண்ணே ஒண்ணு. வண்டி இஞ்சினைக் கழுவணும்.

வண்டின்னதும் பெருசா கற்பனை பண்ணாதீங்க. பழைய டீசல் பிக்கப். வல்லம் வடகால்ல காய்கறி ஏத்தி ஓட்டிட்டிருந்த மாசிலாமணி அண்ணன்கிட்ட செகண்ட் ஹேண்டா வாங்கினது. கோவில்பட்டிப் பக்கத்துல இருந்து, சென்னைக்கு வெளில கம்பெனிங்க நிறைஞ்ச ஒரகடத்துக்குப் பொழைக்க வந்தவன் நான். நைட்ல கம்பெனில தொழிலாளி, பகல்ல வண்டிக்கு முதலாளி. இதுதான் திட்டம்.

வழி காட்டினது எங்க தெருமுனைல மெஸ் நடத்துற தனம் அக்கா. முந்தின நாள்தான் கூப்பிட்டுச் சொன்னாங்க.

"ஒரு கம்பெனி கேன்டீனுக்கு டெய்லி மத்தியானம் சோறு அனுப்பறேன். பழைய வண்டிக்காரன் நின்னுட்டான். நீ ஓட்றியா? ஆனா அங்க கேன்டீன் சூப்பர்வைசர் ஒருத்தர் கீறாரு. வண்டில ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாரு. நாளைக்கு மொத ட்ரிப்லயே பாப்பாரு. அவரு ஓகே சொன்னா டெய்லி ட்ரிப் உனக்குத்தான்."

"சுத்தமா? அது என் சப்ஜெக்ட்டுக்கா!"

எனக்கு வெளில எதிரியே வேண்டாம். இந்த வாய் போதும்.

ஆனா நான் சொன்னது பொய் இல்ல. எங்க கம்பெனில, வேலை பாக்குற இடத்தைச் சுத்தமா ஒழுங்கா வச்சுக்க ஃபைவ் எஸ்னு ஒரு முறை சொல்லித் தருவாங்க. முதல் பாடமே, தேவையில்லாத பொருளைக் கண்டுபிடி, சிவப்பு அட்டை கட்டு, வெளிய போடுங்கிறதுதான். எங்க லைன்ல இதை நல்லா செஞ்சதுக்கு எனக்கு மேடை ஏத்தி ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தாங்க. அந்தத் திமிரு இன்னும் இறங்கல.

காலைல பானட்டைத் தூக்கினேன். உள்ள ஆயில், தூசி, காஞ்சு போன கொத்தமல்லி. அடியில ரெண்டு பச்சை மிளகாய் வேற!

வீடியோல பாத்தபடி எல்லாத்தையும் முறையா செஞ்சேன். ஏர் ஃபில்டரைக் கழட்டித் தட்டினேன். தெருவே தும்முச்சு. ஆயில் குச்சியை உருவி அளவு பாத்தேன். பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் பாலிதீன் கவர் கட்டினேன். டீசலைத் தொட்டு பிரஷ்ஷால தேய்ச்சு, அப்புறம் மெதுவா தண்ணி விட்டேன்.

அழுக்கு போகப் போக, தேவையில்லாத பொருள் ஒண்ணொண்ணா கண்ணுல பட ஆரம்பிச்சுது.

பேட்டரி இடுக்குல பாதி ரப்பர் செருப்பு. எங்கயோ சுத்தியிருந்த ஒரு புடவைக் கிழிசல். டீசல் பம்ப் பக்கத்துல, கட்டுக்கம்பி போட்டு முறுக்கின ஒரு எவர்சில்வர் ஸ்பூன்!

"செல்வி! இஞ்சினுக்குள்ள ஸ்பூன் எதுக்கு இருக்கு?"

என் பொண்டாட்டி எட்டிப் பாத்தா. "யாராவது சாப்பிட்டுட்டு மறந்திருப்பாங்க. கழட்டிக் கொடுங்க. நம்ம வீட்ல ஸ்பூனே இல்ல."

செருப்பும் கிழிசலும் குப்பை வண்டில போச்சு. ஸ்பூன் ஊறுகாய் ஜாடிக்குப் போச்சு.

மனசுக்குள்ள எனக்கு நானே ரெண்டாவது டிபன் பாக்ஸ் கொடுத்துக்கிட்டேன்.

ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். ஒரே திருப்பு! என்னா சத்தம், என்னா சுகம்! கொஞ்ச நேரம் ஓடவிட்டு ரசிச்சுட்டு, நிறுத்தலாம்னு போனேன்.

இந்தப் பழைய டீசல் வண்டில சாவியைத் திருப்பினா இஞ்சின் நிக்காது. டேஷ்போர்டுக்குக் கீழ ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். அதை இழுத்தா பம்ப்ல டீசல் அடைபடும், இஞ்சின் நிக்கும். நானும் இழுத்தேன்.

குமிழ் வந்துச்சு. பின்னாடியே கேபிளும் வந்துச்சு. இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருந்துச்சு. கடைசில மொத்தமும் என் மடில சுருண்டு கிடக்குது, இஞ்சின் மட்டும் ஜாலியா ஓடுது.

மாசிலாமணி அண்ணனுக்கு ஃபோன் போட்டேன்.

"அண்ணே, வண்டி நிக்க மாட்டேங்குது!"

"பம்ப்பாண்ட ஒரு ஸ்பூன் இருந்துச்சே, இன்னா பண்ணே?"

"ஊறுகாய்ல போட்டுட்டோம்ணே."

அண்ணன் ஃபோன்லயே கத்தினார்.

"யோவ், கேபிளைப் பம்ப்போட பிடிச்சிகினு இருந்ததே அந்த ஸ்பூன்தான்யா! சரி வுடு. டாப் கியர்ல போட்டு, பிரேக்க நல்லா அமுக்கிகினு கிளட்ச்ச வுடு. செத்துடும். செருப்பு இருக்குதில்ல?"

"எந்தச் செருப்பு?"

"அட இன்னாபா நீ! அதானே பேட்டரிய ஆடாம பிடிச்சிகினு இருந்துது. அது இல்லன்னா ஒரு குலுக்கல்ல வயரு லூசாயிடும். அப்றம் ஸ்டார்ட்டே ஆவாது."

"அந்தப் புடவைக் கிழிசல்?"

"அது எதுக்குக் கட்டினேன்னு எனக்கே தெரியலபா."

ஆக, நிறுத்தினா திரும்ப ஓடாது. நிறுத்தலன்னா நிக்காது. அக்கா மெஸ்ல சோறு வெந்துட்டிருக்கு. இந்த ட்ரிப் போச்சுன்னா எல்லாமே போச்சு. சரி, எது நடந்தாலும் சோறு போய்ச் சேர்ற வரைக்கும் நிறுத்துறதில்லைன்னு கிளம்பிட்டேன்.

மெஸ் வாசல்ல அக்கா பானட்டைத் திறக்கச் சொல்லிப் பாத்தாங்க. "அட, பளபளன்னு கீதே! சரி, ஆஃப் பண்ணு. டீசல் சும்மா எரியுது பாரு."

"இல்லக்கா, சோத்து வண்டில்ல? இஞ்சின் ஓடினாத்தான் சூடு ஆறாது."

எப்படித்தான் வாய்ல வருதோ! அக்கா அதையும் நம்பினாங்க. பாத்திரமெல்லாம் ஏத்திட்டு, ரசத் தூக்கை மடில வச்சுக்கிட்டு என் பக்கத்துலயே ஏறி உக்காந்தாங்க.

"மொத ட்ரிப். கோயிலாண்ட நிறுத்தி ஒரு கற்பூரம் ஏத்திட்டுப் போலாம்."

"சாமி நம்மள புரிஞ்சுக்கும்க்கா. போற வழியிலயே கும்பிட்டுக்குவோம்."

கம்பெனி கேட்டுக்கு வந்துட்டோம். செக்யூரிட்டி கையைக் காட்டி நிறுத்தினார். "வண்டிய ஆஃப் பண்ணுங்க. சாவிய இப்டி குடுங்க. செக் பண்ணிட்டுத்தான் உள்ள வுடுவோம்."

இந்தப் பக்கம் எல்லாக் கம்பெனிலயும் இதான் ரூல். தெரிஞ்சும் மறந்துட்டேன். வேற வழியில்லாம சாவியை உருவி அவர் கையில கொடுத்தேன்.

அவர் சாவியைப் பாத்தார். வண்டியைப் பாத்தார். வண்டி ஓடிக்கிட்டே இருக்கு.

"சாவி என் கைல கீது. வண்டி எப்டிபா ஓடுது?"

அக்காவும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. "அதானே! எப்டிபா ஓடுது?"

"டீசல் வண்டி சார். கொஞ்சம் பிடிவாதம்."

"மொதல்ல நிறுத்துய்யா!"

டாப் கியர், பிரேக், கிளட்ச். வண்டி ஒரு துள்ளு துள்ளுச்சு. அக்கா மடில இருந்த ரசம் பாதி எனக்கு அபிஷேகம் ஆச்சு. இஞ்சின் செத்துச்சு.

செக்கிங் முடிஞ்சு சாவி கைக்கு வந்துது. திருப்பினேன். டிக். மறுபடி திருப்பினேன். டிக். வயரை அமுக்கிப் பாத்தேன், தட்டிப் பாத்தேன். அந்த டிக்கும் நின்னு போச்சு.

பின்னாடி கம்பெனி பஸ்ஸுங்க வரிசையா நின்னு ஹாரன் அடிக்குது. செக்யூரிட்டி "இங்க நிக்கக் கூடாது!"ன்னு கத்துறார். ரசம் சொட்டச் சொட்ட நின்னேன். ட்ரிப் அவ்ளோதான்னு அழுகையே வந்துருச்சு.

அக்கா கீழ இறங்கினாங்க. புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு, உள்ள நடந்து போயிட்டிருந்த பசங்களைப் பாத்து ஒரு சத்தம் போட்டாங்க.

"யப்பா! இது உங்க சோத்து வண்டிதான்! துன்னணும்னா தள்ளுங்க!"

யூனிஃபார்ம் போட்ட ஒரு கூட்டமே ஓடி வந்துச்சு. எங்க ஊர்க்காரக் குரல் ஒண்ணும் கேட்டுச்சு. "யக்கா, இன்னைக்கு என்ன கொழம்பு?"

"வத்தக்கொழம்பு! அப்பளம் கீது!"

அப்பளம்னு கேட்டதும் வண்டி பறந்துச்சு பாருங்க! நான் ஓட்டினப்பகூட அவ்ளோ வேகம் போகல. நேரா கேன்டீன் வாசல்லதான் போய் நின்னுச்சு. சோறு நேரத்துக்கு முன்னாடியே வந்துருச்சு!

கேன்டீன் சூப்பர்வைசர் வந்தார். வெள்ளை கிளவுஸை மாட்டினார். ஏத்தற இடத்தைத் தடவினார். டோரைத் தடவினார். பானட்டைத் தூக்கச் சொல்லி இஞ்சினையும் தடவினார். விரலை வெளிச்சத்துல காட்டிப் பாத்தார். ஒரு கறை இல்ல.

"இவ்ளோ சுத்தமான வண்டி இங்க வந்ததே இல்ல. ஓகே. நாளைல இருந்து டெய்லி வாங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். "சார், வண்டி ஓடல சார். தள்ளிட்டு வந்தோம்"னேன். அக்கா என் காலை மிதிச்சாங்க.

"அதெல்லாம் டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மெண்ட் பாக்கணும். எனக்குச் சுத்தம் மட்டும்தான்"னு சொல்லிட்டு அப்பளம் எடுக்கப் போயிட்டார்.

நாளைக்கு மத்தியானம் தள்ளுறதுக்கு ஆள் தேவை. சாப்பாடு இலவசம்.