பெண் பார்க்க வந்த அன்று பீப் அடித்த பெட்டி

சிலருக்குப் பிள்ளை பிறந்த பிறகு தூக்கம் கெடும். எனக்குக் கொம்பியூட்டர் வந்த பிறகு கெட்டது. பிள்ளையாவது பசித்தால் அழும். கொம்பியூட்டர் ஒரு சத்தமும் போடாமல் செத்துப்போகும் என்று சொல்லி என்னைப் பயப்படுத்தி வைத்திருந்தார்கள்.

எண்பதுகளின் பிற்பாதி. பருத்தித்துறையில் கடலுக்குக் கிட்ட எங்கள் வீடு. கப்பலில் வேலை செய்த அண்ணை சிங்கப்பூரில் வாங்கிய கொம்பியூட்டரை எப்படியோ கொண்டுவந்து இறக்கிவிட்டு, திரும்பவும் கப்பலேறிப் போய்விட்டார். நானும் அக்காவும் முன் அறையை அலுவலகமாக, எங்கள் பேச்சில் கந்தோர், ஆக்கினோம். வெளிநாடு போகிறவர்களின் பிறப்புப் பத்திரம், படிப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அடித்துக் கொடுப்பது தொழில். பெயர்ப்பது அக்கா. அடிப்பதும் அக்கா. நான் முதலாளி. (முதலாளிக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடாது. கரண்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.)

அந்த வேலை லேசானது இல்லை. எங்கள் ஒழுங்கை முனையில் மீனுக்கு ஐஸ் போடுகிற சின்னத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் மோட்டார் ஓடத் தொடங்கினால் எங்கள் பல்ப் காமாலை வந்தவன் கண்போல மஞ்சளாகும். மோட்டார் நின்றால் பளீரென்று எரியும். ஒருநாள் அப்படிப் பளீரென்றதில் அப்பாவின் ரேடியோ புகைவிட்டுப் படுத்துவிட்டது. அன்றிலிருந்து நான் நானாக இல்லை. சட்டைப்பையில் டெஸ்டரோடு பல்பைப் பார்த்தபடி அறைக்கும் தெருவாசல் படலைக்கும் நடந்தேன். பல்ப் மங்கினால் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குவேன். வடக்கே மேகம் கறுத்தாலும் பிடுங்குவேன். அக்கா பாதி வசனத்தில் இருப்பாள். திரை கறுத்துவிடும்.

"உவன் ஏன் இப்பிடி நடந்துகொண்டே இருக்கிறான்?" என்று அம்மா கேட்பார்.

"கொம்பியூட்டரைக் காப்பாத்துறானாம்," என்பாள் அக்கா. "என்னட்டை இருந்து."

என் தவிப்பைக் கடிதத்தில் படித்த அண்ணை, தெரிந்த ஒருவரிடம் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டார். உள்ளே பற்றரி. கரண்ட் குறைந்தாலோ நின்றாலோ பற்றரியில் கொம்பியூட்டர் ஓடும். கரண்ட் திடீரென்று கூடினால் பெட்டி தடுத்துவிடும். கூடவே ஒரு ஆங்கிலக் கையேடு. அதை அக்கா முழுதாகப் படித்தாள். நான் படங்களைப் பார்த்தேன்.

பெட்டி வந்த மறுநாள் அக்காவைப் பெண் பார்க்க வட்டுக்கோட்டையிலிருந்து வருகிறார்கள். அக்காவுக்கு இரண்டு சம்பந்தம் பேசிக் குழம்பியிருந்த காலம். இதுவும் குழம்பினால் எழும்பமாட்டோம் என்பதுபோல அம்மா ஒரு கிழமையாக வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். வந்தவர்களை இருத்த முன் அறைதான் வேண்டும். கொம்பியூட்டரை அம்மாவின் பழைய சேலையால் மூடினேன். பெட்டியை மேசைக்குக் கீழே தள்ளினேன். பற்றரி நிறையட்டும் என்று அதைச் சுவிச்சில் விட்டுவிட்டேன். வருகிறவர்களில் யாராவது காலால் தட்டிவிட்டால்? அந்த நினைப்பில் ஒரு மட்டையை வெட்டி, சிவப்பு மையால் பெரிதாக எழுதிப் பெட்டியில் ஒட்டினேன். எழுதியதைத் தள்ளி நின்று பார்த்தேன். நல்ல வசனமாகத்தான் பட்டது.

ஐஸ்காரரிடமும் ஓடினேன். "மத்தியானம் மட்டும் மோட்டார் போடாதேங்கோ அண்ணை, வீட்டிலை பொம்பிளை பார்க்க வருகினம்," என்றேன். அவருக்கு இரண்டுக்கும் உள்ள தொடர்பு விளங்கவில்லை. ஆனாலும் ஓம் என்றார்.

அவர்கள் வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கினார்கள். மாப்பிளை, அவருடைய தாய், பெரியப்பா, தரகர். மாப்பிளை கணக்கு வாத்தியார். அறைக்குள் வந்ததிலிருந்து அவர் நிலத்தைப் பார்த்தார். நான் பல்பைப் பார்த்தேன். பகலில் பல்பைப் போட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கும் தம்பியைப் பெரியப்பா ஒருமாதிரிப் பார்க்கவே, அம்மா என்னைச் சோடா வாங்க அனுப்பிவிட்டார்.

அன்றைக்கென்று கடலில் பாரை மீன் அள்ளுகொள்ளையாகப் பட்டிருக்கிறது. ஐஸ்காரர் என்ன செய்வார்? மோட்டாரைப் போட்டுவிட்டார்.

பிறகு நடந்ததைக் கேட்டுத்தான் அறிந்தேன். பல்ப் மங்கியது. மேசைக்குக் கீழே 'பீப்' என்றது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் 'பீப்'. பெட்டி சத்தம் போடும் என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் யாரும் சொல்லவில்லை. புதுப் பற்றரி, சரியாக நிறையவும் இல்லை, அதனால் பீப் வரவர அவசரப்பட்டது. பெரியப்பா மேசையிலிருந்து தொங்கிய சேலையைக் கைத்தடியால் மெல்ல விலக்கிக் குனிந்து பார்த்தார். கறுப்புப் பெட்டி. சிவப்பு விளக்கு. வயர்கள். நான் எழுதிய மட்டை. அந்தச் சண்டைக் காலத்தில், அந்த ஊரில், அப்படி ஒரு பெட்டிக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

"எல்லாரும் பதறாமல் எழும்புங்கோ," என்றாராம் பெரியப்பா. சொல்லி முடிக்கும்போது அவர் படலையில் நின்றாராம்.

நான் சைக்கிள் கரியரில் சோடாப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்புகிறேன். முதலில் வான் வந்தது. டிரைவர் என்னைப் பார்க்கவே இல்லை. பின்னால் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி தரகர். கைத்தடியைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியப்பா. அப்பா, அம்மா, காஞ்சிபுரச் சேலையோடு மாப்பிளையின் தாய்.

"என்னப்பா?"

"வீட்டுக்குள்ளை குண்டு, ஓடு," என்றார் அப்பா.

பருத்தித்துறையிலேயே அந்தப் பெட்டியைப் பற்றி விளக்கம் சொல்லக்கூடியவர் இரண்டு பேர். அதில் ஒருவன் நான். என்ன குண்டு, எங்கே, எப்படி என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சைக்கிளைத் திருப்பினேன். சோடாப் போத்தல்கள் கலகலக்க மிதித்து, பெரியப்பாவைத் தாண்டி, தரகரைத் தாண்டி, வைரவர் கோயிலடியில் எல்லோருக்கும் முதல் ஆளாகப் போய் நின்றேன்.

எல்லோரும் வந்து சேர்ந்து மூச்சு வாங்கினார்கள். நான் விசாரணை அதிகாரிபோல ஆரம்பித்தேன்.

"வயர் இருந்ததோ?"

"இருந்தது," என்றார் பெரியப்பா. "எழுத்தும் இருந்தது."

"என்ன எழுத்து?"

"'ஆபத்து. கை வைத்தால் கை இருக்காது.'"

அது என் வசனம். ஒரு சோடாவை உடைத்துக் குடித்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. அப்போதுதான் அம்மா சுற்றிவரப் பார்த்தார்.

"மலர் எங்கை?"

யாரைப் பார்க்க வந்தார்களோ அவளை விட்டுவிட்டு எல்லோரும் ஓடி வந்திருக்கிறோம். அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அடுத்ததாக மாப்பிளையின் தாய் கேட்டார், "சபேசன் எங்கை?"

மாப்பிளையும் இல்லை.

அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அம்மா, அது குண்டில்லை," என்றேன்.

"உனக்கு என்னெண்டு தெரியும்?" என்றார் அப்பா.

"நான்தான் வைச்சனான்."

பதற்றத்தில் வாய்க்கு வந்தது அதுதான். தரகர் என்னை விட்டு நாலடி தள்ளிப் போனார். மாப்பிளையின் தாய் என்னைப் பார்த்த பார்வையை எந்த மொழியிலும் பெயர்க்க முடியாது. நான் பற்றரி, கரண்ட், ஐஸ், பாரை மீன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அம்மா மட்டும் எழும்பி வீட்டை நோக்கி நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனோம். இம்முறை நான் கடைசி ஆள்.

வீடு அமைதியாக இருந்தது. பெட்டியில் சத்தம் இல்லை. முன் அறையில் அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். எதிர்ப்பக்கம் மாப்பிளை, வெறுங்காலோடு, கையில் கையேடு. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வாயைப் பொத்தாமல் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நடந்தது இதுதான். எல்லோரும் ஓடியபோது மாப்பிளை வாசலில் செருப்பைத் தேடியிருக்கிறார். புதுச் செருப்பு, விட்டுப்போக மனமில்லை. அக்கா உள்ளேயிருந்து வந்து சத்தத்தை நிற்பாட்டும் பொத்தானை அமத்தியிருக்கிறாள். பிறகு வாசலைப் பார்த்து, "நீங்கள் ஓடேல்லையோ?" என்றிருக்கிறாள். "செருப்பைக் காணேல்லை," என்றிருக்கிறார் அவர். பெரியவர்கள் இருந்திருந்தால் அந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு சொல் கதைத்திருக்க மாட்டார்கள்.

"உனக்குப் பயமில்லையோ பிள்ளை?" என்று மாப்பிளையின் தாய் கேட்டார்.

"இல்லை மாமி. சத்தம் போடும் எண்டு புத்தகத்திலை இருக்கு."

பெரியப்பா கைத்தடியை ஊன்றினார். "இப்பிடியான வீட்டிலை சம்பந்தம் செய்யிறதைப் பற்றி நாங்கள் நல்லா யோசிக்க வேணும்."

மாப்பிளை நிமிர்ந்தார். அன்று அவர் பெரியவர்கள் முன்னால் பேசிய ஒரே வசனம் அது. "பெரியப்பா, உங்கடை காலிலை இருக்கிறது என்ரை செருப்பு."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். பெரியப்பாவும் பார்த்தார். மாப்பிளையின் தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். பிறகு கதிரையில் வசதியாக இருந்து, "தேத்தண்ணி போடுங்கோ," என்றார். அம்மா அடுப்படிக்கு ஓடினார்.

அந்தப் பெட்டி பிறகு பல மாதம் உழைத்தது. ஊருக்குக் கரண்டே இல்லாமல் போன காலம் வந்தபோது அதற்கும் எனக்கும் ஒருசேர வேலை போனது.

இப்போது அக்காவின் பிள்ளைகள் எந்தக் கொண்டாட்டத்தில் குடும்பப் படம் எடுத்தாலும், "மாமா முன்னுக்கு வாங்கோ, நீங்கள்தானே எப்பவும் முன்னுக்கு," என்று என்னை இழுத்து விடுவார்கள். புதிதாக வந்த மருமக்கள் யாராவது விளங்காமல், அக்காவுக்கும் அத்தானுக்கும் கலியாணம் எப்படிப் பொருந்தியது என்று கேட்டால், அத்தான் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நிதானமாகச் சொல்லுவார்:

"மற்ற எல்லாரும் ஓடியிட்டினம். மிஞ்சினது நாங்கள் ரெண்டு பேர்தான். பிறகு ஆரைக் கட்டுறது?"