சிவப்புக்கு மட்டும் வள்ளம்

மழை வானத்திலிருந்து பெய்தாலும், வெள்ளம் எங்கே நிற்கிறது என்பதை அரசாங்கக் கந்தோர்தான் தீர்மானிக்க வேண்டும். இந்த நல்லொழுங்குக்காகவே மன்னாரில் அவசரகால வரைபடப் பிரிவு திறக்கப்பட்டது. சுவர் நிறைந்த திரை. மூழ்கும் இடம் சிவப்பு, மூழ்காத இடம் பச்சை. சிவப்புக்கு மட்டுமே மீட்பு வள்ளம் போகும். திரைக்குப் பொறுப்பு பெற்றிசியா.

மார்கழி மழையில் பாப்பாமோட்டையிலிருந்து கதிர்காமு என்ற, வயல் செய்யும் கமக்காரர் அழைத்தார்.

"பிள்ளை, வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. மனுசி அலுமாரிக்கு மேல இருக்கிறா. வள்ளம் அனுப்புங்கோ."

பெற்றிசியா திரையைப் பார்த்தாள். கோடையில் எடுத்த செய்மதிப் படத்தை வைத்துக் கீறிய வரைபடம். பாப்பாமோட்டை பச்சைப்பசேலென்று கிடந்தது.

"ஐயா, உங்கட இடத்தில வெள்ளம் இல்லை."

"நான் அதுக்குள்ளதான் நிக்கிறன், பிள்ளை!"

அவள் எழுந்து பணிப்பாளர் றொகானிடம் ஓடினாள்.

"சேர், நிறத்தை மாத்துவமா?"

"நிறம் மாறக் கொழும்பில கூட்டம் வைக்கவேணும். சனம் மாறக் கூட்டம் தேவையில்லை. கிட்ட எங்க சிவப்பு இருக்கு?"

மேட்டிலிருந்த பள்ளிக்கூடம். ஓட்டுக்கூரை சிவப்பாக இருந்ததாலோ என்னவோ, அது வெள்ள இடமாகப் பதிவாகியிருந்தது.

அங்கே போகச் சொன்னதும், கதிர்காமு மனைவியைத் தோளில் சுமந்து, ஊரோடு கழுத்தளவு தண்ணீரைக் கடந்து மேடேறினார். வள்ளம் லொறியில் வந்து காய்ந்த முற்றத்தில் இறங்கியது. சனத்தை அதில் இருத்திப் படமெடுத்து, "வெற்றிகரமாக மீட்கப்பட்டனர்" என அறிவித்தார்கள். உலருணவும் கொடுத்தார்கள். பெற்றிசியாவுக்குக் கேடயம் கிடைத்தது. வரும் வழியில் முள்ளுக்கம்பி கிழித்திருந்த கதிர்காமுவின் மனைவியுடைய காலைப் பார்த்த பிறகு, அந்தக் கேடயத்தை அவளால் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.

வெட்கம் தாளாமல், ஒருவரையும் கேளாமல் பாப்பாமோட்டையைச் சிவப்பாக்கினாள்.

செய்தி பரவியது. உயிலங்குளத்தார் வந்தார்கள். "நாங்கள் என்ன குறைஞ்ச சனமோ? எங்களுக்கும் சிவப்புத் தாங்கோ." வெள்ளாங்குளத்தார் வந்தார்கள். மைத்துனரின் கடைக்கும் கொஞ்சம் சிவப்புக் கேட்டுக் கதிர்காமுவே வந்தார். ஒருவரையும் மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தன் வீட்டையும் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்கு மாவட்டமே சிவந்து கிடந்தது.

"எல்லாம் சிவப்பெண்டால் முன்னுரிமை இல்லை," என்றார் பணிப்பாளர். "முன்னுரிமை இல்லாமல் வள்ளம் அசையாது."

தொலைபேசி அலறியது. கதிர்காமுதான். பெற்றிசியா அழாக்குறையாக நிலைமையைச் சொன்னாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப ஒண்டு செய்யுங்கோ, பிள்ளை. எங்களை விட்டிட்டு, மற்ற எல்லாரையும் பச்சையாக்கிவிடுங்கோ."