மேரியின் செங்கல்

சரியாகக் காலை ஐந்து நாற்பதுக்கு நான் ஒரு செங்கல்லை நகர்த்தினேன். படித்த மனிதன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். அன்று எங்கள் சந்தே அதைக் கேட்டுவிட்டது.

என் மகள் செல்வி சமூகவியல் முதுகலை படிக்கிறாள். திருவொற்றியூரில் எங்கள் பின்சந்துப் பெண்கள், தண்ணீர் லாரிக்குச் செங்கல், அறுந்த செருப்பு, உடைந்த வாளி என்று வரிசையில் இடம் போட்டுவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். காவலுக்கு ஆள் கிடையாது. ஆனாலும் யாரும் தொடமாட்டார்கள். ஏன் தொடுவதில்லை என்பதுதான் செல்வியின் ஆய்வு. மூன்று மாதமாக அவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள்.

எனக்குக் கவலை. (அவள் தும்மினாலே எனக்குக் கவலை.) மணலியில் ஓர் ஆலையில் வால்வுகளோடு வாழ்ந்தவன் நான்.

"கேட்டா மனுசங்க பொய் சொல்வாங்கம்மா. வால்வைத் திருகினா தண்ணி வருது. ஏன் வருதுன்னு வால்வுகிட்ட யாராவது கேக்கறாங்களா? ஒண்ணை மாத்து, என்ன நடக்குதுன்னு எழுது. அதான் விஞ்ஞானம்."

"அவங்க வால்வு இல்லப்பா. அவங்களுக்குக் காரணம் இருக்கு."

இவள் தேறமாட்டாள், நாமே இறங்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். மறுநாள் விடியலில், யாரும் பார்க்காதபோது, பின்சந்து மேரியின் செங்கல்லை ஆறாவது இடத்திலிருந்து மூன்றாவதுக்கு மாற்றிவிட்டு, டீக்கடை ஓரம் நோட்டுடன் நின்றேன்.

ஆறு மணிக்கு லாரி ஹாரன் அடித்தது. குடங்களோடு பெண்கள் ஓடி வந்தார்கள்.

"இன்னாடி மேரி, உன் கல்லுக்குக் காலு மொளைச்சிக்கிச்சா?" என்றாள் மூன்றாம் இடத்துக்காரி எல்லம்மா.

"சத்தியமா நான் தொடலக்கா!"

"இத்தினி வருசமா தோஸ்துன்னு நம்பிக்கினு கீறேன். கலீஜ் வேலை பண்ணிட்டியேடி!"

'6.04, கோபம்' என்று எழுதினேன். அடுத்து 'மேரி அழுகிறாள்' என்று எழுத வேண்டும். பேனாவை மூடிக்கொண்டு நடுச்சந்துக்குப் போனேன்.

"நான்தாம்மா நகர்த்தினேன்."

"இன்னாத்துக்கு?" என்றாள் எல்லம்மா.

விஞ்ஞானத்துக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆளாளுக்கு விளக்கம் கிளம்பிவிட்டது.

"மேரி மேல சாருக்கு ஒரு கண்ணு கீது போல!"

"தூக்கத்துல நடக்குற வியாதியா இருக்கும்."

"எவனோ ஏவி வுட்டுக்கீறான்."

என்னிடம் எதுவும் கேட்காமல், நான் செய்ததை மட்டும் வைத்துச் சொன்ன முடிவுகள். என் முறைப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. "இல்லம்மா, எனக்குக் காரணம் இருக்கு!" என்று கத்தினேன். (ஆமாம், மகள் சொன்ன அதே வார்த்தை.)

மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு செங்கல்லைக் கையில் எடுத்தாள். இன்றைக்கும் வீட்டில் நான் ஒரு நாற்காலியை இழுத்தால் என் மனைவி, "இன்னாத்துக்கு?" என்பாள், நான் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

அன்று மேரி கல்லை ஓங்குவதற்குள் செல்வி ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள். செங்கல்லைப் பார்த்தாள்.

"மேரிக்கா, ஒரு நிமிசம்," என்று தன் நோட்டைத் திறந்தாள். "அடிக்கிறதுக்கு முன்னாடி, ஏன் செஞ்சாருன்னு கேட்டுக்கறேன்."