தேசிக்காய்க்கு மேலால ஏறின ஸ்லெட்ஜ்

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். தங்கச்சியின்ர புது ஸ்லெட்ஜை ஸ்ரௌவ்வில் கடையில எடுத்து, ரெண்டு மணிக்குள்ள வெக்ஸ்போர்ட் ஐஸ் அரங்குக்குக் கொண்டுபோறது.

தங்கச்சி வதனிக்கு ஒரு கால் இல்லை. ஐஸில இருந்தபடி சறுக்கி விளையாடுற ஸ்லெட்ஜ் ஹொக்கி விளையாடுறாள். இருக்க ஒரு சீற், அடியில ரெண்டு பிளேட், கையில ரெண்டு குட்டி ஸ்ரிக். அண்டைக்கு டீமுக்கு ஆள் எடுக்கிற மட்ச்.

"அண்ணா, நேர வா. ஒரு இடமும் நிக்காதை," எண்டு சொன்னவள்.

நேராத்தான் போனன். றிச்மண்ட் ஹில் கோயிலடியில மட்டும் நிண்டன். அது வழியில இல்லைத்தான். ஆனா புது வாகனத்தைப் பூசை செய்யாமல் ஓட்டுறதோ, நீங்களே சொல்லுங்கோ.

ஐயர் கண்ணாடியை இறக்கிப் பாத்தார். "இது வாகனமோ?"

"ஓம் ஐயா. ஆள் ஏறி ஓடுறது."

"சில்லு எங்க?"

"பிளேட்தான் ஐயா."

கொஞ்சம் யோசிச்சார். பிறகு சந்தனம் பூசி, பிளேட்டுக்கு முன்னால ரெண்டு தேசிக்காய் வைச்சார். "இனி ஓட்டுங்கோ."

ஆர் ஓட்டுறது? நான்தான் ஏறினன். சீற்றுக்குள்ள பாதி, வெளியில பாதி. காருக்குப் பூசை செய்ய வந்த ரெண்டு அண்ணைமார் கயிறு கட்டி இழுத்தினம். பார்க்கிங் தாரில கர்ர்ர் எண்டு சத்தம். நெருப்புப் பொறி பறந்தது.

"நல்ல சகுனம்," எண்டார் ஒருத்தர்.

தேசிக்காய் ரெண்டும் சப்பளிஞ்சிட்டுது. எனக்குச் சந்தோசம் பிடிபடேல்லை.

அரங்கில வதனி பிளேட்டைத் தடவிப் பாத்தாள். முகம் மாறிச்சு.

"அண்ணா, இதை எங்க ஓட்டினனி?"

"நான் ஓட்டேல்லை. இழுத்தவை."

"மொட்டையாப் போச்சு. தீட்டவும் நேரமில்லை. இண்டைக்கு என்னை எடுக்காட்டி வீட்டுப் பக்கம் வராதை."

நான் போய்க் கடைசி வரிசையில இருந்தன்.

மட்ச் துவங்கிச்சு. வதனி இடப்பக்கம் திரும்பப் பாத்தாள், ஸ்லெட்ஜ் வலப்பக்கம் போச்சு. நிப்பாட்டப் பாத்தாள், நிக்கேல்லை. அவள் எங்க போறாள் எண்டு எதிர் டீமுக்கு விளங்கேல்லை. அவளுக்கே விளங்கேல்லை. பக்கவாட்டில வழுக்கிக்கொண்டு வலைக்கு முன்னால போக, ஆரோ அடிச்ச பக், அந்தக் கறுப்பு வட்டு, அவளின்ர ஸ்லெட்ஜில பட்டு உள்ளுக்குப் போச்சு.

கோல்! நான் கத்தின கத்துக்குப் பக்கத்து அன்ரியின்ர கோப்பி கொட்டுப்பட்டுது.

முடிஞ்சவுடன கோச் ஓடிவந்தா. "உன்னை எடுத்தாச்சு. அந்தப் பக்கவாட்டு வழுக்கல் எங்க பழகினது?" எண்டு இங்கிலீசில கேட்டா.

வதனி என்னைத் திரும்பிப் பாத்தாள். முறைக்கவும் ஏலேல்லை, சிரிக்கவும் ஏலேல்லை.

"கோயில் பார்க்கிங்கில," எண்டாள்.