தோமான்களுக்கு ஒரு ஒத்திகை

“மீனுக்கு எதுக்கு வாத்தியாரே ஒத்திகை?” என்று படகுக்காரர் பாக் சமாட் கேட்டபோதே தனபாலன் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். கேட்டால்தானே!

சனிக்கிழமை கல்வி அதிகாரி டத்தோ ரம்லி தூண்டில் போட வருகிறார். ஆசிரியர்களின் மாற்றலுக்குக் கடைசிக் கையெழுத்து அவருடையது. தனபாலன் இந்த ஏரிக்கரைப் பள்ளியில். மனைவி ரேணுகா கைக்குழந்தையோடு ஜொகூரில். அப்பா என்பவர் கைப்பேசிக்குள் குடியிருப்பவர் என்றே குழந்தை நினைத்துக்கொண்டிருந்தது. டத்தோ ஒரு தோமான் மீனைப் பிடித்துவிட்டால் மனம் குளிர்ந்துபோவார்; அந்த நேரம் பார்த்து மாற்றல் கேட்டுவிடலாம் என்பது திட்டம்.

“இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முன்னாடி பிள்ளைங்களுக்கு ஒத்திகை வைக்கிறோம்ல? அதே மாதிரிதான் பாக்,” என்று சொல்லி, தூண்டிலில் மாட்டிய மஞ்சள் ரப்பர் தவளையை ஏரியில் நின்ற பட்டமரங்களுக்கு நடுவே வீசினான்.

தண்ணீர் வெடித்தது. தொடைப் பருமனில் ஒரு தோமான்! படம் எடுத்து, முத்தம் கொடுத்து, “சனிக்கிழமை வந்துடு ராஜா,” என்று திரும்ப விட்டான். இருட்டுவதற்குள் அந்த மூலையில் இருந்த மீன்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து தேர்வு எழுதிவிட்டுப் போயின.

மறுநாள் மஞ்சள் தவளையை எதுவும் சீண்டவில்லை. ஒரு தோமான் மட்டும் மேலே வந்து மூச்சு வாங்கி, தவளையைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனது.

“ஒரு தடவை வாய் கிழிஞ்சா மறக்குமா?” என்றார் பாக் சமாட். “பேசாம விட்டுருங்க வாத்தியாரே. தானா மறந்து தொலைக்கும்.”

“அதெப்படி? சிவப்பைத் தின்னுதான்னு பாக்க வேணாமா?”

தின்றன. அதோடு சிவப்பும் செல்லாமல் போனது. பிறகு பச்சை, அதன்பிறகு கரண்டி போல் பளபளக்கும் தகடு. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நாள் மரியாதை. வெள்ளிக்கிழமை, படகுச் சத்தம் கேட்டதுமே மீன்கள் ஆழத்துக்குப் போய்விட்டன.

“ஆறு வருஷமா வாய்ப்பாடு சொல்லித் தர்றேன் பாக். ஒருத்தன் மண்டையிலயும் ஏறலை. இந்தச் சனியனுங்க ஒரே பாடத்துல பாஸ் பண்ணிட்டுப் போகுதே!”

தனபாலனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை டத்தோ வீசினார், வீசினார், தோள் வலிக்க வீசினார். ஒரு குமிழிகூட வரவில்லை. அவர் திரும்பி உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த நேரம் பார்த்து, பாக் சமாட் சந்தையில் வாங்கிவந்த தோமானை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, அவருடைய தூண்டிலில் மாட்டித் தண்ணீருக்குள் நழுவவிட்டார்.

“டத்தோ! இழுக்குது, இழுக்குது!”

டத்தோ சுற்றினார். மீன் எந்த வம்பும் செய்யாமல் வந்து சேர்ந்தது.

“என்ன தனபாலன், மீன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?”

“ஆழம் டத்தோ. அடியில தண்ணி ரொம்பக் குளிரு.”

“வயித்தைக் கீறியிருக்கே?”

“அடியில பாறையும் இருக்கு டத்தோ.”

டத்தோ அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்துத் தோளில் தட்டினார். தனபாலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கரையில் இறங்கியதும் ஆரம்பித்தான்.

“டத்தோ, ஒரு சின்ன விஷயம். என் மனைவி ஜொகூர்ல...”

“நல்ல காத்து இங்க. நாசி லெமாக்கும் பிரமாதம்,” என்ற டத்தோ காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிகூட இறங்கவில்லை.

தனபாலன் நின்ற இடத்திலேயே நின்றான். அடுத்த மாற்றலுக்கு இன்னும் ஒரு வருடம். குழந்தையின் முதல் பேச்சையும் கைப்பேசியில்தான் கேட்க வேண்டும்.

தூண்டில்களை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்த டத்தோவின் ஓட்டுநர் சன்னாசி மெல்ல அருகில் வந்தார்.

“மனசுல வச்சுக்காதீங்க சார். மாற்றல் வேணுங்கிற வாத்தியாருங்க எல்லாரும் அவரை ஏரி ஏரியா மீன் பிடிக்கத்தான் கூப்பிடுறாங்க. ஆரம்பத்துல நல்லாத்தான் கடிச்சுக்கிட்டு இருந்தாரு, இப்பல்லாம் தூண்டிலைப் பாத்தாலே ஒதுங்கிப் போயிடுறாரு.”