மணி கட்டிய கடா

அப்பாவுக்கு ஆங்கிலம்தான் குலதெய்வம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். தினம் ஒரு சொல்லைப் பிடித்துவந்து, சோற்றுக்கு முன்னால் எங்களுக்கு அதைப் பரிமாறுவார்.

நான் பிளஸ் டூ முடித்த தொண்ணூற்றாறாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பிடித்துவந்த சொல் 'பெல்வெதர்'.

"ராஜி, இது சாதாரணச் சொல் இல்ல. வெதர்னா கடா. பழைய இங்கிலீஷ். அதோட வேர் நம்ம 'வத்ஸ'த்துக்குச் சொந்தம். கன்னுக்குட்டிக்குச் சொல்லுவோமே, அது. அந்தக் கடா கழுத்துல மணி கட்டிட்டா அது பெல்வெதர். அது முன்னால போகும். மந்தை பின்னால போகும்."

"சரி," என்றாள் அம்மா. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்புறம் மனுஷனுக்கும் அந்தப் பேரு வந்துச்சு. தலைவனுக்கு. இப்போ பங்குச் சந்தையில முன்னால போற கம்பெனியையும் அப்படித்தான் சொல்லுதான்."

"எந்தக் கடாவுக்கு மணி கட்டுவாவ?" என்று கேட்டாள் அம்மா.

"பலசாலிக் கடாவுக்கு."

பொய். அகராதியை நானும் பார்த்தேன். வெதர் என்றால் காயடித்த கடா. கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கத்துகிறவனைக் கேலி செய்யவும் அந்தச் சொல் இருந்திருக்கிறது. இரண்டையும் அப்பா விழுங்கிவிட்டார். நானும் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு வேறு கவலை.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க எனக்கு ஆசை. மறுநாள் பத்து மணிக்கு நேர்முகம். பெற்றோரில் ஒருவர் வந்தால் போதும், போகாவிட்டால் இடம் போச்சு. அப்பா ஒரே பிடியாக பி.ஏ. இங்கிலீஷ் என்றார். பொம்பளைப் பிள்ளைக்கு ஈயம் பற்றவைக்கிற வேலை எதற்கு என்றார்.

"இன்னையிலிருந்து இந்த வீட்டுக்கு நான்தான் பெல்வெதர். நாளைக்கு பி.ஏ. சேரக் காலேஜுக்கு நான் முன்னால போவேன். நீங்க ரெண்டு பேரும் பின்னால வாங்க."

அம்மா கீரைத்தட்டைக் கீழே வைத்தாள்.

"மணி கட்டின கடா திரும்பிப் பார்க்குமா?"

"ஏன் பார்க்கணும்? பார்த்தா அது தலைவனா?"

"அப்போ நீங்களும் பார்க்காதிய. நாங்க வாறது தெரியணும்னா, என் சாவிக்கொத்துல ஒரு மணியைக் கோத்துக்கிடுதேன். சத்தம் கேட்டா வாறோம்னு அர்த்தம்."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு மரியாதையை அவர் பார்த்ததில்லை.

அம்மாவை நம்பினேனே என்று ராத்திரி எனக்கு அழுகை வந்தது. "அழாத ஏட்டி, தூங்கு," என்றாள். அவ்வளவுதான்.

காலையில் அம்மா அப்பாவின் கையில் ஒரு துணிப்பையைக் கொடுத்தாள்.

"சர்டிபிகேட்டெல்லாம் இதுலதான் இருக்கு. ஆபீசுல போய்ப் பிரிங்க. வழியில தொறந்து காத்துல பறக்க விட்டுராதிய."

அப்பா முன்னால் நடந்தார். பின்னால் நாங்கள். அம்மாவின் இடுப்பில் கிணிங் கிணிங்.

எங்கள் தெருவில் ஒரு கடா உண்டு. சுடலைமாடனுக்கு நேர்ந்து விட்டது. கழுத்தில் மணி. கோயில் கொடைத் திருவிழா வரைக்கும் அது எந்த வீட்டில் வாய் வைத்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். விரட்டினால் சாமிக்குத்தம். தெருமுக்குத் திரும்பியதும் அது மூக்கைத் தூக்கிப் பார்த்தது. பிறகு அப்பாவின் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

அம்மா சாவிக்கொத்தை உள்ளங்கையில் பொத்தினாள். கடாவின் மணி கிணிங் கிணிங் என்றது.

அப்பாவின் நடையில் ஒரு மாற்றமும் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

"பைய வா ஏட்டி," என்று அம்மா என் கையைப் பிடித்து எதிர்ப் பக்கம் இழுத்தாள். டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் முந்தானைக்குள்ளிருந்து என் சர்டிபிகேட்டுகளை எடுத்தாள்.

எனக்கு இடம் கிடைத்தது.

நாங்கள் வீட்டுக்கு வந்து சோறு வடித்த பிறகுதான் அப்பா வந்தார். பின்னால் கடா. நடந்ததை அவரே சொன்னார். காலேஜ் ஆபீசில், "பொண்ணு எங்க சார்?" என்று கேட்டார்களாம். "பின்னால நிக்கா," என்று திரும்பாமலே சொல்லியிருக்கிறார். எட்டிப் பார்த்த குமாஸ்தா சர்டிபிகேட்டைக் கேட்டாராம். பையைப் பிரித்தால் அகத்திக்கீரை. பிரித்ததும் கடா மேசையில் முன்னங்காலைத் தூக்கி வைத்ததாம். விரட்டவும் முடியாது. குமாஸ்தாவும் நம்ம ஊர்க்காரர், எழுந்து கும்பிட்டாராம்.

"தலைவன்னு சொன்னேன்லா. அதுக்கு இதுதானா மரியாதை?" என்றார் அப்பா.

"இப்பவும் நீங்கதான் தலைவர். இல்லைன்னா அம்புட்டுத் தூரம் அது உங்க பின்னால வருமா?"

அப்பா யோசித்தார். அதில் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பையில் மிஞ்சிய கீரையை எடுத்துக் கடாவுக்குக் கொடுத்தார். எந்தப் படிப்பு என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். "ம்," என்றார்.

"துவையலுக்குத் தேங்கா இல்ல. கடை வரைக்கும் போயிட்டு வாங்க," என்றாள் அம்மா.

அப்பா அதே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பையில்தான் கீரை தீர்ந்துவிட்டதே. இந்தத் தடவை கடா முன்னால் போனது.